புதிய சபை யாருக்காக?

(‘பேராவில் இன்னும் புதிய கிறிஸ்தவ சபைகள் தேவையா?’ என்ற தலைப்பிலான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு கேள்வியை வைத்தார். ஈப்போவில் மெதடிஸ்ட் ஆலயம் உண்டு, கத்தோலிக்கக் கோயில் உண்டு, ஆங்கிலிக்கன் ஆலயம் உண்டு. கடைவீட்டு மாடிகளில் சிறு சபைகள் வேறு இருக்கின்றன. இத்தனை இருக்கும்போது இன்னொரு சபை எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சபை தேவையா என்று கேட்பதற்கு முன்னால், அது யாருக்காக என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாதவர்கள் சபை தொடங்காமல் இருப்பதே நல்லது.

நம் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். தமிழ்நாட்டின் தென்கோடியில் முதலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. புதிதாகக் கிறிஸ்தவர்களான ஏழை மக்கள், சொந்த ஊரில் இருக்க முடியாமல் துன்பப்பட்டார்கள். 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் அவர்களுக்காக அமைத்த குடியிருப்பு அது. முதல் ஊர் என்பதால் முதலூர். ஒதுங்க இடமில்லாதவர்களுக்கு ஓர் ஊர் வேண்டும், அதுதான் அந்தச் சபையின் நோக்கம்.

நம் பேராவுக்கு வருவோம். பாகான் செராயில் சூசைப்பாளையம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அங்கே குடியேறி நெல் பயிரிட்டார்கள். அந்த முயற்சியில் முன்நின்ற பிரெஞ்சுக் குருவானவர் ரெனே ஃபே, பின்னர் 1896-இல் மலாக்கா ஆயரானார். சித்தியவானை எடுத்துக்கொள்ளுங்கள். 1903-இல் மெதடிஸ்ட் ஊழியர் லூரிங் முயற்சியால் சீனாவின் பூச்சோவ் பகுதியிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே வந்து இறங்கின. நெல் சரிப்பட்டு வரவில்லை. பிறகு ரப்பர் நட்டு முன்னேறினார்கள். இந்த மூன்று இடங்களிலும் ஆலயம் தனியாக எழும்பவில்லை. வீடும் நிலமும் பிழைப்பும் அதோடு சேர்ந்தே வந்தன.

இனி நம் தோட்டங்களுக்கு வருகிறேன். தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. குறைந்த கூலி, ஒழுகும் லயத்து வீடு, கள்ளுக்கடை, எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அங்கே ஒன்று இருந்தது. காலையில் பெரட்டுக்கு ஓர் ஆள் வரவில்லை என்றால் கங்காணிக்குத் தெரியும். ஒரு வீட்டில் அடுப்புப் புகையவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் திருவிழாவும் கிறிஸ்மஸ் பலகாரமும் எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தன.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் அதை உடைத்தது. சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்த ஆபத்தைத் தடுக்கத்தான். ஆனாலும் காலம் போகப் போக ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள்.

அப்படிச் சிதறியவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. தோட்டத்தில் சின்ன ஜெபக்கூடம் இருந்தது. மாதம் ஒருமுறையாவது போதகர் வந்து போவார். தோட்டம் போனதும் கூடமும் போனது. நகரத்து ஆலயத்தில் அவர்களைத் தெரிந்தவர் யாருமில்லை. மூன்றாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு இறங்கி வரக் கால் வராது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் மகனுக்கு ஞாயிறு காலை ஓய்வு கிடையாது. இவர்களுக்காக அந்த அடுக்குமாடியிலேயே, செவ்வாய்க்கிழமை இரவானாலும் சரி, பத்துப் பேர் தமிழில் கூடி ஜெபிக்க ஒரு சபை வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும் என்பேன்.

ஆனால் எல்லாப் புதிய சபைகளும் இப்படிப் பிறப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு தலைவர்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் மறுமாதமே புதிய பெயர்ப்பலகை ஏறுகிறது. பக்கத்துச் சபையிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். அதை வளர்ச்சி என்று அறிக்கை வாசிக்கிறோம். காணாமற்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கதை நமக்கெல்லாம் தெரியும். அவன் காட்டுக்குள் போனானே தவிர, அடுத்தவன் பட்டியைத் திறக்கப் போகவில்லை.

இதைவிட மோசமான நோக்கத்தையும் நம் இனம் பார்த்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில், சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள் அமைத்தார்கள். பிறகு அந்தப் பிரிவை நீக்கியபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கப்பலேறி வந்தும் அந்த மூட்டையை நாம் இறக்கி வைக்கவில்லை என்றால், எத்தனை சபை தொடங்கியும் பயனில்லை.

இன்னொன்றையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். நம் அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். பல வீடுகளில் அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவன். ஆட்பிடிக்க வருகிறார்கள் என்று இந்து நண்பர்கள் வருத்தப்படுவது வெறும் கற்பனை என்று என்னால் ஒதுக்க முடியாது. அரிசி மூட்டையைக் கொடுத்துவிட்டு ஆராதனைக்கு வா என்று அழைத்தால், அது தர்மம் ஆகாது, வியாபாரம். அம்மா செத்த வீட்டில் மகன் கொள்ளி வைக்கலாமா கூடாதா என்று சண்டை மூட்டிவிட்டு வருகிற சபையால் அந்தக் குடும்பத்துக்கு என்ன நன்மை? நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது விதி, மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. சட்டத்தை மதிப்பதோடு, அண்டை வீட்டாரின் மனத்தையும் மதிக்க வேண்டும்.

அப்படியானால் புதிய சபை தொடங்க நினைப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? கடைவீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஒலிபெருக்கி வாங்குவதற்கு முன், மூன்று மாதம் அந்தக் குடியிருப்பில் நடந்து பாருங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்? இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள் யார்? பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேர முடியாத பிள்ளை உண்டா? குடியினால் அல்லல்படும் வீடு எது? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அங்கே ஏற்கெனவே பணி செய்யும் சபை இருந்தால், முதலில் அந்தப் போதகரைப் போய்ப் பாருங்கள். அவரே அந்த வேலையைச் செய்கிறார் என்றால், அவருக்குக் கைகொடுங்கள். புதிய பலகை தேவையில்லை. யாருமே செய்யவில்லை என்றால், தாராளமாகத் தொடங்குங்கள்.

ஓராண்டு கழித்து நாற்காலிகளை எண்ணாதீர்கள். நடுராத்திரியில் ஓர் உயிர் பிரிந்தால், அல்லது பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், அந்த மாடியில் இருக்கும் குடும்பம், எந்த மதமானாலும், யோசிக்காமல் உங்கள் கதவைத் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் உங்கள் சபைக்கு அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். லயத்தோடு போய்விட்ட அந்த அக்கறையை மாடிவீடுகளுக்குக் கொண்டுவர முடியுமானால், பேராவில் இன்னும் பல சபைகளுக்கு இடமுண்டு.