ஏடறியாதாருக்கு எழுதிய தலைமையாசிரியர்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நானோ ஒரு நாடக ஆசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்விச் சங்கத்தின் விழாவில் கூத்தும் நாடகமும் எதற்கு என்று சிலர் எண்ணலாம். காரணம் இருக்கிறது. என்னை ஊரார் தலைமையாசிரியர் என்று அழைக்கிறார்கள். ஒரு பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். ஆனால் தமிழகம் ஒருவரைத் ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்று போற்றுகிறது. அவரே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களை மனத்தில் வைத்து ஏடெழுதிய அப்பெருமகனாரின் வாழ்வில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரன் தமிழறிந்தவர், முதற்பாடம் அவரிடமே. பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாக யாப்பும் இலக்கணமும் கற்றார். இளமையில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார். மாதம் தவறாமல் ஊதியம் கிடைக்கும் வேலை அது. அதை விட்டுவிட்டு இருபத்து நான்காம் வயதில் நாடக மேடை ஏறினார். அந்நாளில் நாடகக்காரருக்கு ஊரில் மதிப்பில்லை. கூத்தாடி என்பது வசைச் சொல். வெண்பாவும் விருத்தமும் கைவந்த ஒரு புலவர் அந்த வசையை ஏற்றுக்கொண்டு அவர்களோடு போய் நின்றார் என்றால், அது எளிய செயலா?

தொடக்கத்தில் அவர் நடிகர். எமன், சனீசுவரன், இராவணன், இரணியன் போன்ற வேடங்களில் அவர் மேடையில் தோன்றினால் அவை நடுங்குமாம். பின்னர் நடிப்பை விடுத்து ஆசிரியராகவே வாழ்ந்தார். நாடகத்தை எழுதுபவர், பாடல் சொல்லிக் கொடுப்பவர், வசனம் பயிற்றுபவர், ஒழுங்கு காப்பவர் எல்லாம் ஒருவரே. அவருக்கு ‘வாத்தியார்’ என்று பெயர். நம் பக்கத்துத் தெருக்கூத்திலும் அப்படித்தான் அழைக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் வாத்தியார் என்ற பெயரை மரியாதையோடு வழங்கிய இடங்களுள் கூத்தும் நாடகமும் அடங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அக்காலத்து நாடகத்திற்கு உறுதியான ஏடு இல்லை. நடிகர் தம் மனம் போனபடி பேசுவர். ஒருவரை ஒருவர் மடக்குவதற்காக இல்லாததைச் சொல்வர். சுவாமிகள் இதற்கு வரம்பு கட்டினார். பாட்டும் வசனமும் அளவாக அமைந்த நாடகங்களை எழுதி, எழுதியவாறே பேச வேண்டும் என்றார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி அனுசூயா, பிரகலாதன், இலவகுசா என அவர் எழுதியவை நாற்பதுக்கு மேற்பட்டவை. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் அவர் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை அவர் நிறுவினார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பால சபை என்றால் சிறுவர்களே நடிக்கும் சபை. பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற தி.க. சண்முகம், தம் உடன்பிறந்தாரோடு இச்சபையில்தான் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஆறு. அச்சிறுவன் நடிப்பதற்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் அறிந்த செய்தி. ஒரு மாணவனின் திறமையைக் கண்டு, விளக்கின் முன் அமர்ந்து விடிய விடிய எழுதிய ஆசிரியரை நினைக்கும்போது, முப்பது ஆண்டுகளாகச் சுண்ணாம்புக் கட்டி பிடித்த என் கை நாணுகிறது.

சிறுவர் சபைகளில் துன்பம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தாய் தந்தையரைப் பிரிந்து ஊர் ஊராகச் சென்ற பிள்ளைகள் அவர்கள். அடியும் உதையும் பட்டவர் பலர். வறுமையே பெரும்பாலோரை அங்குக் கொண்டு சேர்த்தது. ஆயினும் பள்ளி வாசல் மிதிக்க வழியில்லாத பல பிள்ளைகளுக்குத் தமிழும் இசையும் அவையஞ்சாமையும் அந்தச் சபைகளில்தான் கிடைத்தன.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் மற்றொரு நாடக உலகம் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞரும் அலுவலருமாகிய கற்றவர்கள் அதில் நடித்தனர். முதலியார் பின்னாளில் நீதிபதியாகவும் இருந்தார். மனோகரா முதலிய ஏறத்தாழ தொண்ணூறு நாடகங்களை எழுதினார். மேடைக்கு மதிப்புத் தேடித் தந்தவர் அவர். ஆனால் சுவாமிகளின் நாடகம் போன இடம் வேறு. அது சிற்றூர்த் திடலுக்கும் கொட்டகைக்கும் போயிற்று. ஓரெழுத்தும் அறியாதவர் காதிலே தமிழ் யாப்பைக் கொண்டு சேர்த்தது. தென் மாவட்டங்களில் இன்றும் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணம் நடக்கிறது. தினைப்புனம் காத்த வேடர்குலப் பெண்ணிடம் ஆண்டவனே வாதாடித் தோற்பதை உழைக்கும் மக்கள் கண் விழித்துக் கேட்கிறார்கள்.

1921ஆம் ஆண்டில் பக்கவாதம் சுவாமிகளைத் தாக்கிப் பேசும் ஆற்றலைப் பறித்தது. ஆயிரம் பேருக்குப் பேசக் கற்றுக் கொடுத்த வாய் அடைத்துவிட்டது. அந்நிலையிலும் அவர் தம் சபையை விட்டுப் பிரியவில்லை. 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அவர் எழுதியவற்றுள் பல இன்று நமக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்த அண்ணாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் திரௌபதை அம்மன் விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. நம் மாவட்டத்துப் புரிசை, கூத்தால் உலகறிந்த ஊராயிற்று. நம் சேரிகளிலும் கூத்துக் குழுக்கள் இருந்தன. என் தந்தையார் அத்தகைய குழுவொன்றில் கட்டியக்காரன் வேடம் கட்டியவர். பகலெல்லாம் பண்ணையில் கைகட்டி நின்ற மனிதர், இரவில் துரியோதன மகாராசனையே கேலி செய்வார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்; ஆனால் விடியும் வரை பேசும் வசனமெல்லாம் அவர் நெஞ்சில் இருந்தது.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது ஓர் ஆசிரியர், “கூத்தாடி மகனுக்குப் படிப்பு எதற்கடா?” என்று வகுப்பறையிலேயே கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று முதல் என் தந்தை கூத்தாடுபவர் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரியில் தமிழ் நாடக வரலாற்றைப் படித்து மதிப்பெண் வாங்கினேன். என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த வரலாற்றிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் அவர் மறைந்தார். கூத்துக் குழுவிலிருந்து வந்த முதியவர் ஒருவர், “தம்பி, உங்க அப்பா வசனத்தை எழுதி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். எழுதத் தெரிந்த மகன் அவ்வீட்டில் நான் ஒருவனே. நான் எழுதி வைக்கவில்லை. பெருமக்களே, அந்த ஆசிரியர் சொன்ன சொல்லைவிட, அதை நான் நம்பினேனே, அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

உலகின் மறுகோடியிலும் நம்மைப் போன்றவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் வில்லிஸ் ரிச்சர்ட்சன் என்னும் கறுப்பினத்தவர் வாழ்ந்தார். 1898இல் அவர் பிறந்த வில்மிங்டன் நகரில் வெள்ளையர் நடத்திய வன்முறைக்குப் பின் அவர் குடும்பம் வாஷிங்டனுக்குப் பெயர்ந்தது. கல்லூரி செல்ல வசதியின்றி அரசு அச்சகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, அவ்வேலையில் இருந்துகொண்டே நாடகங்கள் எழுதினார். அந்நாளைய அமெரிக்க மேடை கறுப்பினத்தவரைக் கோமாளிகளாகவே காட்டியது. ரிச்சர்ட்சனோ, தெருவில் சிந்திய விறகுத் துண்டும் கரித்துண்டும் பொறுக்கி வாழும் ஒரு மூதாட்டியின் பெருந்தன்மையை நாடகமாக்கினார். 1923ஆம் ஆண்டில் அது நியூயார்க் நகரின் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினத்தவர் எழுதி அங்கு அரங்கேறிய முதல் உரைநடை நாடகம் அதுவே. பிறர் எழுதிய நாடகத்தில் கோமாளியாக நிற்பதற்கும், தாமே எழுதிய நாடகத்தில் மனிதராக நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்தார்.

நம் மண்ணிலும் அது நிகழ்ந்தது. சுவாமிகளின் நாடகங்களில் அரசரும் தேவரும் கற்புடைய மாதரும் உண்டு. நம் தெருவின் துயரம் அங்கு இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம். சிவகங்கைச் சீமையின் மாரந்தை என்னும் சிற்றூரில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த முனைவர் கே.ஏ. குணசேகரன் அதை எழுதினார். அவருடைய ‘பலி ஆடுகள்’ தமிழில் தலித் நாடகத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. தம் வாழ்க்கையை ‘வடு’ என்னும் நூலாகவும் எழுதினார். சுவாமிகள் கண்மூடிய அதே புதுச்சேரியில், பல்கலைக்கழகத்தில் அமைந்த சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் அவர் பேராசிரியராகவும் தலைவராகவும் விளங்கினார். 2016ஆம் ஆண்டில் மறைந்தார். நாடகத் தலைமையாசிரியரின் பெயர் தாங்கிய இடத்தில் நம் சேரிப் பிள்ளை தலைமை ஏற்றார் என்பதை எண்ணும்போது என் நெஞ்சு நிமிர்கிறது.

இளைஞர்களே, வேலைக்காகப் படியுங்கள், தேர்வுகளில் வெல்லுங்கள். அதில் ஐயமே வேண்டாம். ஆனால் எழுத்து உங்கள் கைக்கு வந்தது விண்ணப்பம் எழுதுவதற்கு மட்டும் அன்று. உங்கள் தெருவில் இன்னும் பாடுகின்ற, பறை இசைக்கின்ற, கூத்துக் கட்டுகின்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் அருகில் போய் அமருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அந்த ஏடுகளைப் பாதுகாக்க நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரி வேண்டுமென்று நிருவாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாடகமேனும் நம் பிள்ளைகள் எழுதி, இதே மேடையில் நடிக்க வேண்டும். முதல் அலமாரிக்குரிய செலவை என் தந்தையாரின் பெயரால் நான் ஏற்றுக்கொள்கிறேன். அவர் வசனம் அதில் இருக்காது; உங்கள் தாத்தாவின் வசனமாவது இருக்கட்டும்.