பெல்லாரி மலையில் கருகிய கொள்ளு

எங்க ஊர்ப் பக்கம் பெரிய வெங்காயத்துக்குப் பேரே பெல்லாரிதான். அந்த ஊரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். போன மாசம் பெங்களூர்ல இருந்து ராத்திரி ரயில் ஏறிப் பெல்லாரி போனேன். ஊருக்கு வெளியே சங்கனகல்லு, குப்கல் கிராமங்கள். சுத்தி பாறைக் குன்றுகள். இன்னைக்கு அந்தக் குன்றுகளைப் பத்திதான் பேசப்போறோம்.

சுமார் 4000 வருஷத்துக்கு முன்னாடி, கீழே சமவெளி இருக்கும்போதே, ஜனங்க இந்தக் குன்றுகள் மேல குடியிருந்திருக்காங்க. சன்னராசம்மா குன்று, ஹிரேகுட்டா ரெண்டும் அதுல முக்கியமானது. கன்னடத்துல ஹிரேகுட்டான்னா பெரிய குன்று. அங்க ஒரு கோடாரிப் பட்டறையே இருந்திருக்கு. டோலரைட்ங்கற கறுப்புக் கல்லை உடைச்சு, செதுக்கி, பாறையில தேய்ச்சுப் பளபளப்பாக்கியிருக்காங்க. தேய்ச்ச பள்ளங்கள் இன்னும் பாறையில இருக்கு.

சரி, என்ன சாப்பிட்டாங்க? இதை எப்படிக் கண்டுபிடிக்கறாங்கங்கறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். தோண்டின மண்ணைத் தண்ணியில கரைக்கிறாங்க. மண் அடியில தங்கும், அடுப்புல கருகின விதை மேல மிதக்கும். அதை மெல்லிய சல்லடையில அள்ளி, காயவெச்சு, மைக்ரோஸ்கோப்ல பார்க்கிறாங்க. பச்சையா இருந்தா மக்கிப்போயிருக்கும், கருகினதாலதான் தப்பிச்சுது. நம்ம பாஷையில சொன்னா, யாரோ சமைக்கும்போது விட்ட எரர்தான் நமக்குக் கிடைச்ச லாக் ஃபைல்.

டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர் போன்ற ஆய்வாளர்கள் இப்படித் தேடினப்போ கிடைச்சது கொள்ளு, பச்சைப்பயறு, சில சிறுதானியங்கள். எல்லாம் மழையை நம்பி விளையற பயிர். விவசாயம் முழுக்க வெளியில இருந்துதான் தென்னிந்தியாவுக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாது; இந்த மண்ணுலயே சில பயிர்களைப் பழக்கியிருக்காங்கங்கற வாதத்துக்கு இந்தக் கருகின விதைகள் முக்கியமான சாட்சி. சளி பிடிச்சா பாட்டி வெச்சுத் தர்ற கொள்ளு ரசம் ஞாபகம் வந்துச்சு.

மாடும் வளர்த்திருக்காங்க. ஹிரேகுட்டா பாறைகள்ல நீளக் கொம்பும் திமிலுமா நிறைய மாடுகளைக் கொத்தி வெச்சிருக்காங்க. சில பாறையைக் கல்லால தட்டினா மணி மாதிரி ஒலிக்கும்.

இப்ப வருத்தமான பகுதி. இந்தக் குன்றுகள்ல கல் குவாரி வேலை நடந்து, தொல்லியல் தடயங்கள் சேதமாகியிருக்கு. விதையைத் தேட மண் அந்தந்த அடுக்குல அப்படியே இருக்கணும். ஒருதடவை வெடி வெச்சா அடுக்கு கலைஞ்சுடும், அதுக்கு பேக்கப் கிடையாது.

குவாரிக்காரங்களைத் திட்டிட்டு முடிச்சிருக்கலாம். ஆனா வீட்டுக்கு வந்து டீ போடும்போது கவனிச்சேன், என் சமையல் மேடை பளபளன்னு கறுப்பு கிரானைட். அந்தப் பேர்ல விக்கற பல கல்லு உண்மையில டோலரைட் வகைதான். எந்த மலையில இருந்து வந்துச்சுன்னு வாங்கும்போது நான் கேட்கவே இல்லை. அடுத்த தடவை கேட்பேன். நீங்களும் கேளுங்க.

பெல்லாரியில ராபர்ட் புரூஸ் ஃபுட் பேர்ல ஒரு தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கு. அந்தப் பக்கம் போனா பார்த்துட்டு வாங்க.