பெயர் மாறாட்டம் தீர்த்த பழைய வண்டு
(எமது சங்கக் கூட்டத்தில் விலங்கியல் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எள்ளளவேயான ஒரு வண்டு. இதன் நீளம் இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் வரையில்தான். ஆயினும் அது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் முதல் கலிபோர்ணியாவின் ஆனைக்கொய்யாத் தோப்பு வரை மக்களின் பிழைப்பைத் தொடுகின்றது. இவ்வண்டின் பெயரைப் பற்றி எழுந்த ஒரு குழப்பத்தையும், பழைய நூதனசாலை மாதிரியொன்று அதனைத் தீர்த்து வைத்த வரலாற்றையும் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் வண்டின் வாழ்க்கையைச் சற்று அறிதல் வேண்டும். தேயிலைத் தண்டிலே சன்னமான துளையிட்டு உட்புகும் இவ்வண்டு மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு தன் வாயருகேயுள்ள சிறு பைகளிற் பங்கசு ஒன்றைக் கொண்டுவந்து, துளையின் சுவரிலே பயிரிட்டு, அதனைத் தானும் உண்டு குஞ்சுகளுக்கும் ஊட்டுகின்றது. கமக்காரன் விதைநெல்லைச் சுமந்து செல்வது போன்றது இது. தேயிலை வண்டு வளர்க்கும் பங்கசை 1947ஆம் ஆண்டிலே காட், லூஸ் என்னும் இரு அறிஞர்கள் விவரித்துப் பெயரிட்டனர். துளைகள் பெருகிய கிளை வலுவிழந்து முறிகின்றது. கொழுந்து குறைகின்றது. கொழுந்து குறைந்தால் யாருடைய கூடை குறையும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிப் பெயருக்கு வருவோம். 1868இல் ஐக்கோவ் என்னும் செர்மானிய அறிஞர், இலங்கையிலிருந்து கிடைத்த வண்டு ஒன்றுக்குப் போர்னிக்கேற்றசு என்று பெயர் சூட்டினார். யூவலேசியா என்னும் பேரினத்திலே அது இன்று வைக்கப்பட்டுள்ளது. இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். யேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை நாட்டியது 1867இல்தான். அக்காலத்தில் இலங்கை கோப்பிக்குப் பேர்பெற்ற நாடு. ஆகவே, அப்பெயர் பிறந்தபோது 'தேயிலை வண்டு' என்ற பேச்சுக்கே இடமில்லை. பிற்காலத்திலே தேயிலையில் இத்தகைய வண்டு கண்டபோது, அதுவே இது என்று கொண்டு அப்பெயரையே வழங்கலாயினர். பின்னர் வந்த அறிஞர்கள் 1923, 1942, 1951ஆம் ஆண்டுகளிலே தாம் கண்ட வேறு சில வண்டுகளுக்குப் புதுப் பெயர்களைச் சூட்டினர். ஆனால் அவையெல்லாம் ஒன்றே என எண்ணி, அப்பெயர்களைப் பழைய பெயருக்குள்ளே அடக்கிவிட்டனர். கண்ணாற் பார்த்தால் அத்துணை ஒற்றுமை.

2003இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலே இவ்வண்டு அகப்பட்டது. தேயிலை வண்டு என்றே அதனைக் கணித்தனர். 2009இல் இஸ்ரேலிலும், 2012இல் கலிபோர்ணியாவிலும் ஆனைக்கொய்யா மரங்கள் இவ்வண்டினாலும் அதன் பங்கசினாலும் வாடுவது தெரியவந்தது. டீ.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைச் சோதித்தபோதோ, ஒரு பெயருக்குள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பது புலனாயிற்று. 2017இல் தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிற்ஸ்பேர்க்கிலும் இது கண்டறியப்பட்டது. பின்னர் யொகன்னஸ்பேர்க் போன்ற நகரங்களின் நிழல் மரங்களையும் தாக்கியது.

இனங்கள் பல என்பது தெரிந்துவிட்டது. ஆனால் 1868ஆம் ஆண்டுப் பெயர் அவற்றுள் எதற்கு உரியது? இக்கேள்விக்கு டீ.என்.ஏ. மட்டும் விடை சொல்ல முடியாது. நம்மூர்க் காணி வழக்கை நினைத்துப் பாருங்கள். ஒரே பெயருடைய நான்கு துண்டுக் காணிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நில அளவையாளர் நான்கையும் அளந்து, எல்லையைச் செம்மையாகக் காட்டிவிடலாம். ஆனால் பழைய உறுதி எந்தத் துண்டைக் குறிக்கின்றது என்பதை உறுதியைப் பார்த்தே தீர்க்க வேண்டும். விலங்கியலில் அந்த மூல உறுதி போன்றது 'வகைமாதிரி'. பெயரிட்டவர் கையில் இருந்த அந்த உடலே பெயருக்கு ஆதாரம். வருணனையிலே ஐயம் வந்தால், அதனிடமே போக வேண்டும் என்பது உலக விலங்கியலார் ஒப்புக்கொண்ட விதி. ஓர் இனத்துக்குப் பல பெயர்கள் இருந்தால் முந்திய பெயரே நிற்கும் என்பது மற்றொரு விதி.

ஆனால் உறுதி தொலைந்த வழக்காயிற்று இது. ஐக்கோவின் வண்டுகள் பல ஹம்பேர்க் நூதனசாலையில் இருந்தன. 1943இல் அந்நகர் மீது குண்டுமாரி பொழிந்தபோது அந்நூதனசாலை எரிந்து அழிந்தது. போர்னிக்கேற்றசின் மூல மாதிரியும் அத்தோடு போயிற்று என்றே யாவரும் கருதினர். ஆகையால் 2018இல் இவ்வண்டுகளை அளந்தும் டீ.என்.ஏ. பார்த்தும் பிரித்த ஆய்வாளர்கள், பழைய பெயரைத் தேயிலை வண்டுகளில் ஒன்றுக்கே கொடுத்தனர். ஆனைக்கொய்யாவை வாட்டிய வண்டுக்கு, 1942ஆம் ஆண்டுப் பெயராகிய விற்போடியோடென்றசு என்பதை மீண்டும் எடுத்து வழங்கினர். கைக்கெட்டிய சான்றைக் கொண்டு சொன்ன நியாயமான தீர்ப்பு அது.

அடுத்த ஆண்டே தீர்ப்பு மாறியது. அழிந்ததாக நம்பப்பட்ட மூல மாதிரி வெளிப்பட்டது! சாரா சிமித், அந்தோனி கொக்னாற்றோ முதலியோர் அதனை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். வண்டின் முதுகுக் கவசத்தையும் சிறகு மூடியையும் அளந்து, டீ.என்.ஏ.யால் இனம் தெரிந்த வண்டுகளின் அளவுகளோடு ஒப்பிட்டனர். மூல மாதிரி தேயிலை வண்டோடு பொருந்தவில்லை. ஆனைக்கொய்யாவையும் நகர மரங்களையும் கெடுக்கும் வண்டோடே பொருந்தியது. ஆகவே போர்னிக்கேற்றசு என்னும் பெயர் அதற்கே உரியதாயிற்று. விற்போடியோடென்றசு என்ற பெயர் மறுபடியும் அதனுள் அடங்கிற்று. தேயிலை வண்டுகள் எனப்பட்ட இரண்டும் பேர்பிரேவிசு என்றும், போர்னிக்கேற்றியர் என்றும் வழங்கலாயின. நான்காவது இனமான குரோசியோ 2018இற் பெற்ற பெயரோடே நின்றது.

பெயர் எதுவானால் என்ன, வண்டைக் கொன்றாற் போதாதா என்று பெரியோர் சிலர் கேட்கலாம். அப்படியன்று. கலிபோர்ணியாவுக்கு வந்தது பழைய தேயிலை வண்டுதான் என்று எண்ணியதால், அது வேறோர் இனம் என்பது தெரிய ஒன்பது ஆண்டுகள் சென்றன. ஒரு நாட்டின் பீடைப் பட்டியலிலே பெயர் ஏற்கெனவே இருந்தால், அப்பெயருக்குள் மறைந்து புதிய இனமொன்று துறைமுகத்தைக் கடந்து வரலாம். இவ்வண்டினத்திலே பெண் வண்டு பெரும்பாலும் உடன்பிறந்த ஆண் வண்டோடு துளைக்குள்ளேயே கூடிவிடுகின்றது. ஆதலால் ஒரு கட்டையில் ஒளிந்துவரும் ஒரே பெண் வண்டு போதும், ஒரு குடியையே தொடங்கிவிடும். எதிரி யார் என்று அறிந்த பின்னன்றோ காவல் போடலாம்!

நம் நாட்டுக்கும் இதிலே கவலை உண்டு. தேயிலை வண்டைப் பற்றி நம்மவர் நெடுங்காலமாக எழுதியன பலவும் போர்னிக்கேற்றசு என்ற ஒரே பெயரில் இருக்கின்றன. எந்தப் பரிசோதனையிலே எந்த வண்டு இருந்தது? அன்று ஊசியிற் குத்தி, ஊரும் நாளும் செடியும் எழுதி வைத்த வண்டு இருந்தால் அதைக் கேட்கலாம். வைக்காத இடத்திலே ஏடு மட்டும் எஞ்சும். அது எந்த இனத்தைப் பற்றியது என்பது தெரியாது.

ஆதலால் வாலிப அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. பாடசாலையிலோ தோட்டத்திலோ பூச்சி ஒன்றைப் பிடித்தால், இடம், திகதி, எந்தச் செடி, பிடித்தவர் பெயர் ஆகிய நான்கையும் ஒரு துண்டிலே எழுதி அதனோடு வையுங்கள். பழைய பெட்டிகளைப் பூச்சி அரித்த குப்பையென்று எறியாதீர்கள். பெரியோர்களே, நூதனசாலைகளுக்கும் பாடசாலை ஆய்வுகூடங்களுக்கும் உதவி கேட்டு வருவோரை வெறுங்கையாய் அனுப்பாதீர்கள். போர்த் தீக்குத் தப்பிய ஒரு சிறு வண்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் சாட்சி சொல்லியது. இன்று நாம் வைப்பதும் நம் பேரப்பிள்ளைகளுக்குச் சாட்சி சொல்லும்.