இருட்டும் ஒரு செல்வம்

 

இன்றைய பேச்சு வானத்தைப் பற்றியது. வானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஓர் ஊரைப் பற்றியது. அந்த ஊரின் பெயர் ஹான்லே.

நம் நாட்டின் வடகோடியில் லடாக் இருக்கிறது. அங்கே பெரிய ஊர் லே. லேயிலிருந்து தென்கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் ஹான்லே வரும். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர் அது. மழை மிகக் குறைவு. மரங்கள் அபூர்வம். குளிர்காலத்தில் தண்ணீர் கல்லாக உறைந்துவிடும். சாங்பா என்ற மேய்ப்பர்கள் அந்தச் சமவெளியில் வாழ்கிறார்கள். ஆடும் யாக் மாடும்தான் அவர்கள் சொத்து. பஷ்மினா என்ற விலை உயர்ந்த கம்பளி அந்த ஆடுகளிடமிருந்துதான் கிடைக்கிறது.

ஹான்லேயில் இல்லாதவை நிறைய. ஆனால் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று அங்கே இருக்கிறது. அதுதான் நல்ல இருட்டு!

இருட்டை யாராவது செல்வம் என்பார்களா? வானியல் அறிஞர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். காற்றில் ஈரமும் தூசியும் இருந்தால் நட்சத்திர ஒளி மங்கிவிடும். பக்கத்தில் நகரம் இருந்தால் அதன் விளக்கொளி வானத்தையே வெளுக்கச் செய்துவிடும். ஹான்லேயில் காற்று உலர்ந்தது. பக்கத்தில் நகரமும் இல்லை.

அதனால்தான் இந்திய வானியற்பியல் நிறுவனம் அங்கே ஒரு மலைமேல், 4,500 மீட்டர் உயரத்தில், வானாய்வகம் கட்டியது. தமிழ்நாட்டில் காவலூரிலும் கொடைக்கானலிலும் வானாய்வகங்களை நடத்துவது இதே நிறுவனம்தான். ஹான்லேத் தொலைநோக்கி 2001-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்கு இமாலய சந்திரா தொலைநோக்கி என்று பெயர். அதன் ஆடி 2 மீட்டர் அகலம். பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் தொடர்பு மூலம் அதை இயக்குகிறார்கள்.

சரி, மலைமேல் விஞ்ஞானிகள் வானத்தைப் பார்க்கிறார்கள். மலையடியில் இருக்கும் மக்களுக்கு அதனால் என்ன பயன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் ஒரு புதிய முயற்சி பிறந்தது. 2022 டிசம்பரில் லடாக் நிர்வாகம் ஹான்லேயைச் சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டரை இருள் வானக் காப்பகமாக அறிவித்தது. காட்டு விலங்குகளுக்குச் சரணாலயம் இருப்பது போல, இது இருட்டுக்கு ஒரு சரணாலயம். இந்தியாவில் இதுவே முதலாவது.

காப்பகம் என்று பலகை மட்டும் வைத்தால் போதுமா? ஊர் மக்கள் சேராமல் எந்தக் காப்பகமும் நிலைக்காது. ஆகவே ஹான்லேயைச் சேர்ந்த சின்னச் சின்னக் குடியிருப்புகளிலிருந்து 24 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்களும் அதில் பலர். அவர்களுக்கு வானியல் பயிற்சி கொடுத்தார்கள். தொலைநோக்கிகளும் கொடுத்தார்கள். வானியல் தூதர்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

வானியல் என்றதும் பலருக்குத் தயக்கம் வரும். 'அது பெரிய படிப்பு அல்லவா? கணக்கு வேண்டுமே? இங்கிலீஷ் வேண்டுமே?' என்று தோன்றும். ஆனால் இது கண்ணாலும் கையாலும் கற்கும் கல்வி. எப்படி என்று பாருங்கள்.

முதல் பாடத்துக்குக் கருவியே வேண்டாம். இருட்டில் போய் 20 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் யாராவது டார்ச் அடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் வானம் பார்ப்பவர்கள் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொள்வார்கள். மங்கலான சிவப்பு ஒளி கண்ணை அதிகம் கெடுக்காது.

இரண்டாம் பாடம் திசை அறிவது. சித்திரை, வைகாசி மாத முன்னிரவில் வடக்கே பாருங்கள். ஏழு நட்சத்திரங்கள் ஒரு கரண்டி போலத் தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். கரண்டியின் வெளி விளிம்பில் உள்ள இரண்டு நட்சத்திரங்களை மனத்தால் கோடு போட்டு இணையுங்கள். கரண்டியின் வாய்ப்பக்கமாக அந்தக் கோட்டை அதே போல் ஐந்து மடங்கு நீட்டுங்கள். அங்கே தனியாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அதுதான் துருவ நட்சத்திரம்.

மூன்றாம் பாடம் அளப்பது. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டி வைத்தால் துருவ நட்சத்திரத்தின் உயரம் தெரியும். ஹான்லேயில் மூன்று முஷ்டிக்குச் சற்று மேலே வரும். மதுரையில் ஒரே முஷ்டிதான். ஏன் இந்த வித்தியாசம்? பூமி உருண்டை. வடக்கே போகப் போக அந்த நட்சத்திரம் மேலே ஏறும். எத்தனை டிகிரி உயரமோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி வட அட்சரேகையில் நீங்கள் நிற்கிறீர்கள். நம் கையே ஓர் அளவுகோல்!

அடுத்துத்தான் தொலைநோக்கி. தூதர்களிடம் இருப்பது 8 அங்குல ஆடி கொண்ட எளிய கருவி. மரப்பெட்டி போன்ற அடித்தளத்தில் குழாய் சுழலும். கையால் தள்ளித் திருப்பலாம். இருட்டில் நம் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். 8 அங்குல ஆடி அதைவிடச் சுமார் 800 மடங்கு ஒளியைச் சேர்க்கும். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், சனியின் வளையம் எல்லாம் தெரியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தகுந்த வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும்.

இந்த எளிய வடிவத்தைப் பரப்பியவர் ஜான் டாப்சன். 1944-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் சேர்ந்து துறவியாக இருந்தவர். பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாயும் பலகையும் கொண்டு தொலைநோக்கி கட்டினார். தெருவோரத்தில் வைத்துப் போவோர் வருவோருக்கெல்லாம் நிலவைக் காட்டினார். விலை உயர்ந்த கருவி இல்லாமலே ஏழை எளியவரும் வானம் பார்க்கலாம் என்று அவர் செய்து காட்டினார்.

கடைசிப் பாடம் படம் எடுப்பது. நம் கண் அந்தந்தக் கணத்தின் ஒளியை மட்டுமே பார்க்கும். கேமரா அப்படி இல்லை. அதன் கண்ணை 20 நொடி திறந்து வைத்தால் 20 நொடி ஒளியையும் சேமிக்கும். சொட்டுச் சொட்டாகக் குடம் நிறைவது போல! அதனால் நம் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் படத்தில் விழும்.

அதற்குச் சில விதிகள் உண்டு. கேமரா அசையக் கூடாது; முக்காலியில் பொருத்த வேண்டும். இருட்டில் கேமரா தானாகத் தெளிவு தேடிக்கொள்ளாது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, அது சிறு புள்ளியாகும் வரை கையால் திருகிச் சரிசெய்ய வேண்டும். நேரத்தையும் மிக நீட்டக் கூடாது. பூமி சுற்றுவதால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடும். அந்தக் கோடே வேண்டுமென்றால் வேறு வழி உண்டு. பல படங்களைத் தொடர்ந்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம். துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடுகள் வரும். பூமி சுற்றுவதற்கு அந்தப் படமே சாட்சி. ஹான்லேக் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் உபரி பேட்டரியை உடம்பின் சூட்டில், சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 மே மாதம் சூரியனில் பெரும் புயல் வீசியது. அப்போது ஹான்லே வானத்தில் செந்நிற ஒளி படர்ந்தது. துருவப் பகுதிகளில் தெரியும் அந்த ஒளி அங்கிருந்த கேமராக்களில் பதிவானது. வானம் எப்போது எதைக் காட்டும் என்று யாருக்குத் தெரியும்? கற்றுத் தயாராக இருப்பவருக்கே அது பிடிபடும்.

இப்போது ஹான்லேக்குப் பயணிகள் வருகிறார்கள். ஊர் மக்கள் தங்கள் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைக்கிறார்கள். இரவில் தூதர்கள் வானத்தைக் காட்டுகிறார்கள். மேய்ச்சலோடு இதுவும் ஒரு வருமானம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பயணிகள் வந்தால் வண்டி வரும், விடுதி வரும், விளக்கு வரும். விளக்கு பெருகினால் இருட்டு போய்விடும். இருட்டு போனால் பயணிகளும் வரமாட்டார்கள், தொலைநோக்கிக்கும் வேலை இருக்காது. உலகத்து மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி கண்ணில் படுவதே இல்லை என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இந்த நிலை ஹான்லேக்கும் வரலாமா?

அப்படியானால் மலை மக்களுக்கு விளக்கே வேண்டாமா? அது நியாயமில்லை. இருட்டில் பிரசவம் பார்த்த தாய்மாருக்கும், அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக் கற்றவர்களுக்கும் விளக்கின் அருமை தெரியும். விளக்கு வேண்டும். ஆனால் அதன் ஒளி தரையில் விழ வேண்டும். வானத்தில் விழுந்து யாருக்கு என்ன லாபம்? இதற்காகத்தான் வெளி விளக்குகளுக்கு மூடி போடச் சொல்கிறார்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போடச் சொல்கிறார்கள். வண்டிகளின் விளக்கைத் தாழ்த்தச் சொல்கிறார்கள். செலவு குறைவு. மின்சாரமும் மிச்சம்.

நண்பர்களே! ஹான்லே வெகு தூரத்தில் இருக்கலாம். வானம் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் ஊரிலும் அமாவாசையை ஒட்டிய இரவில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போங்கள். துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். முஷ்டியால் அளந்து பாருங்கள். எத்தனை நட்சத்திரம் தெரிகிறது, எந்த விளக்கு மறைக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். பிறகு அந்தத் தெருவிளக்குக்கு ஒரு மூடி போட முடியுமா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த கை, வானத்தையும் படிக்கட்டும்.