கிணற்றை அறியாத கல்வி யாருக்கு?

(கமக்காரரும் ஆசிரியரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கை ஆறே நமக்கு வாய்த்த ஆறு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே நமது கங்கை; நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளே நமது நீர்த்தேக்கம். அக்கல்லை உடைத்துக் கிணறு கண்டு, துலா மிதித்து நீர் இறைத்து, செம்மண்ணிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த மக்கள் நாம். அந்த அறிவை நம் முன்னோர் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை. தந்தை தோட்டத்தில் நின்றார். மகன் அவரருகில் நின்றான். அதுவே பள்ளி, அதுவே பாடம்.

அந்தப் பள்ளி மூடப்பட்டு வருகின்றது என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

மூடியவர் யார்? ஓரளவுக்குப் போர் மூடியது. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்கு மீண்டவருள் பலர், இடம்பெயர்ந்த காலத்தில் கைக்குழந்தைகளாயிருந்தவர். இன்னும் பலர் அன்று பிறந்தேயிராதவர். காணி உறுதி அவர் கையில் இருக்கின்றது. ஆனால், எந்த மூலையில் மழைநீர் நிற்கும், எந்தக் குழையை எப்பொழுது தாழ்க்க வேண்டும், எந்தக் கிணறு வைகாசியில் உவர்க்கும் என்று சொல்லக்கூடிய தகப்பனார் நலன்புரி நிலையத்திலேயே கண்மூடிவிட்டார். நிலத்தை மீட்கப் போராடினோம். அது நமது உரிமை. நிலத்தோடு போன அறிவை மீட்க என்ன செய்தோம்?

மற்றோரளவுக்கு மூடியவர் நாமே. “படியாவிட்டால் மண்வெட்டிதான் பிடிக்க வேண்டும்” என்று பிள்ளையை வெருட்டாத வீடு நம்மூரில் எத்தனை? கமத்தைத் தண்டனையாகக் காட்டி வளர்த்துவிட்டு, இளைஞர் கமத்துக்கு வருகிறாரில்லையே என்று வருந்துவது எங்ஙனம் பொருந்தும்?

அரசும் இதிலே உறுதியாய் நின்றதில்லை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977இல் ஆட்சி மாறியதும் அவை கைவிடப்பட்டன. 2013ஆம் ஆண்டிலே உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்று, உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் ஒரு பாடமாயிற்று. வரவேற்கின்றோம். ஆனால் புத்தகத்துக்கும் பாடசாலை மதிலுக்கு அப்பாலுள்ள தோட்டத்துக்கும் இடையே வழி திறக்காவிடின், அதுவும் மனனம் செய்து மறக்கும் மற்றொரு பாடமாகவே முடியும்.

எதனைக் கற்பிப்பது என்று கேட்பீர்கள். முதலில் கிணற்றைக் கற்பிப்போம்.

நமது நிலத்தடி நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே. உவர்நீர் சற்றுக் கனமானது. ஆதலின், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது அறிவியற் கணக்கு. இதை மறுபுறமாகப் பாருங்கள். இயந்திரத்தால் அளவின்றி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழேயுள்ள உவர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடங்கொடுக்கின்றோம். துலாவுக்கு மனிதனின் களைப்பு ஓர் எல்லை வைத்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, அதன் எல்லையை நம் அறிவே வைத்தாக வேண்டும்.

இரண்டாவதாக உரத்தைக் கற்பிப்போம். 50 கிலோகிராம் யூரியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. பயிர் உண்ணாது விட்டதில் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறி, நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். பாதி அவ்வாறு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அந்த அரை மூடை மட்டுமே 10 இலட்சம் லீற்றர் தூய நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஒரு பரப்புக் காணியில் விழும் நீர் முழுவதும் சுமார் 3 இலட்சம் லீற்றர்தான். கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்! மலசலகூடக் குழிகளும் இதே நஞ்சைச் சேர்க்கின்றன. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவைக் குறைக்கும். கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. இதை அறிய வேண்டியவர் மருத்துவர் மட்டுமோ?

உரமே வேண்டாம் என்கிறோமல்லோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தார்கள். நவம்பரில் அத்தடையைத் தளர்த்தினார்கள். இடையே கமக்காரர் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். பூவரசங்குழை தாழ்த்தும் பழக்கமும் பட்டி அடைக்கும் பழக்கமும் அரசாணையால் ஒரே போகத்தில் திரும்பி வருவனவல்ல. மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவு அறிந்து, படிப்படியாகக் குறைப்பதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவை ஊட்டுவதற்கு ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே, நாம் கேட்பவை பெரியனவல்ல. ஒவ்வொரு கிராமப் பாடசாலையும் தன் அயலிலுள்ள சில கிணறுகளைத் தெரிந்தெடுத்து, நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதந்தோறும் மாணவரைக்கொண்டு அளந்து பலகையில் எழுதட்டும். அளவுநாடாவும் கையடக்கமான உவர்மானி ஒன்றும் போதும். ஐந்து மாரி கழிந்தால், அந்தப் பதிவு எந்தத் திட்டக்காரரும் தட்டிக்கழிக்க இயலாத சான்றாகும். பாடசாலைக்கு அருகே ஒரு பரப்பைக் கமக்காரர் ஒருவர் ஒதுக்கித் தரட்டும்: பாதியில் வழக்கமான உரமும் வாய்க்கால் நீரும், பாதியில் மண் சோதனைப்படி உரமும் சொட்டு நீரும் இட்டு, செலவையும் விளைவையும் மாணவரே கணக்கெழுதட்டும். எந்தப் பாதி வென்றாலும் வெற்றி மாணவருக்கே. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் பழகட்டும். தோட்டத்தில் பாதி வேலையைச் செய்பவர் பெண்களல்லரோ?

இங்கே வீற்றிருக்கும் பொறியியலாளரையும் மருத்துவரையும் ஆசிரியரையும் ஒன்று கேட்கின்றோம். உங்களுட் பலரைப் படிக்க வைத்தது புகையிலையும் வெங்காயமும் விற்ற பணமன்றோ? மாதத்தில் ஒரு சனிக்கிழமையை அந்தத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். போகும்போது சொல்லிக்கொடுக்க மட்டும் போகாதீர்கள். முதிய கமக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளவும் போங்கள். அவர் போனபின் அந்த ஏட்டைத் திறக்க ஆளில்லை.

இத்தனையும் கற்ற இளைஞன் வெளிநாடு செல்லமாட்டானா என்று கேட்பீர்கள். செல்லலாம், செல்பவனைக் கடிந்து பயனில்லை. ஆனால், இருக்க விரும்புகின்றவன் அறியாமையால் தோற்று ஓடும் நிலை இருத்தலாகாது. நமது கோரிக்கை அதுவே.

நிலம் நமது என்று முழங்குகின்றோம். அந்நிலத்தின் அடியில் எத்தனை அடி நன்னீர் எஞ்சியிருக்கின்றது என்று கேட்டால் விடை சொல்ல ஊருக்கொரு பிள்ளையேனும் வேண்டாமா? வருகின்ற மாரிக்கு முன்னரே முதற் கிணற்றை அளப்போம், வாருங்கள்.