மில்காவை விட வேகமான லால்குடிக்காரர்

போன வாரம் ஸ்ரீரங்கத்துல, ராஜகோபுரம் பக்கத்து டீக்கடையில நண்பர்களோட பெரிய சண்டை. ஜோர்டானா, லெப்ரானா? எங்க செட்ல இது பத்து வருஷமா ஓடுற சீரியல். ஜோர்டான் ஆறு சாம்பியன்ஷிப் வாங்கினவர், லெப்ரான் நாற்பதாயிரம் பாயின்ட் தாண்டினவர். "அப்பல்லாம் மேல கை வச்சுத் தடுப்பாங்கடா, 2004ல ரூலை இறுக்கினதுக்கு அப்புறம் ஸ்கோர் பண்றது ஈஸி"ன்னு ஒருத்தன் கத்துறான். கடைசியில இன்னொருத்தன், "ஓட்டப்பந்தயத்துல இந்தத் தொல்லையே இல்ல, ஸ்டாப்வாட்ச் சொல்லிடும்"னான்.

அங்கதான் நான் பிடிச்சுக்கிட்டேன். சொல்லிடுமா?

400 மீட்டரை எடுத்துக்கங்க. 1960 ரோம் ஒலிம்பிக்ல மில்கா சிங் நாலாவது. கையில பிடிச்ச வாட்ச் 45.6 செகண்ட் காட்டுச்சு, எலக்ட்ரானிக் கருவி 45.73 காட்டுச்சு. ஒரே ஆள், ஒரே ஓட்டம், ரெண்டு நேரம்! 1998ல பரம்ஜீத் சிங் 45.70ல ஓடினார். மில்கா சாதனை உடைஞ்சுதா இல்லையா? நீங்க எந்த நம்பரை நம்புறீங்களோ, அதைப் பொறுத்தது.

இப்ப நம்ம பக்கம் வருவோம். ஸ்ரீரங்கத்துல இருந்து கொள்ளிடம் பாலம், டோல்கேட் எல்லாம் தாண்டினா லால்குடி. அதுக்குப் பக்கத்துல வழுதியூர். ஆரோக்கிய ராஜீவ் அந்த ஊர்க்காரர். மில்கா மாதிரியே ராணுவத்துல சேர்ந்தவர். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டுல 400 மீட்டர் வெண்கலம். 2016ல பெங்களூர்ல அவர் ஓடினது 45.47. எந்த வாட்ச்சை வச்சுப் பார்த்தாலும் மில்காவை விட வேகம்.

அப்ப ராஜீவ்தான் பெரிய ஆளா? அவசரப்படாதீங்க. மில்கா ஓடினது கரித்தூள் பரப்பின ட்ராக். காலை ஊன்றித் தள்ளும்போது தரையே கொஞ்சம் நழுவும், அந்த அளவுக்கு வேகம் வீண். ஒலிம்பிக்குக்கு சிந்தெடிக் ட்ராக் 1968லதான் வந்துச்சு. இன்னிக்கு நம்ம அண்ணா ஸ்டேடியத்துலயே அது இருக்கு.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேற. ரோம்ல நாலாவது இடம் வாங்கித் தந்த நேரத்தை விட வேகமா ஓடியும், ராஜீவால ரியோவுல தனியா 400 மீட்டர் ஓட முடியல. தகுதி நேரம் 45.40. ஒரு செகண்டை நூறாப் பிரிச்சா அதுல ஏழு பங்கு குறைஞ்சிடுச்சு. கண் சிமிட்டுற நேரம்கூட இல்ல. தொடர் ஓட்ட அணியிலதான் போனார். 2021ல டோக்கியோவுல அவரும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து 3 நிமிஷம் 00.25 செகண்ட். ஆசிய சாதனை! ஆனா ஃபைனலுக்கு அது பத்தல.

என்னைக் கேட்டா மில்காதான் பெரியவர். தன் காலத்து உலகத்துல நாலாவதா நின்னவர். ஆனா இந்தக் கணக்கும் முழு நியாயம் இல்ல. 1960ல சுதந்திரமே கிடைக்காத ஆப்பிரிக்க, கரீபியன் நாடுகள் எல்லாம் ராஜீவ் காலத்துல எதிர்ல வந்து நிக்குது.

அன்னிக்கு எங்க ஆறு பேர்ல ஒருத்தனுக்கும் ராஜீவ் பேரு தெரியல. மில்கா படத்தை எல்லாரும் பார்த்திருக்கானுங்க. பாய்லர் பக்கம் இருந்து டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "வழுதியூர் ராஜீவையா தம்பி சொல்றீங்க? எங்க பக்கத்து ஊருதான்."

ஜோர்டான் பஞ்சாயத்து இன்னும் முடியல. அதை அடுத்த எபிசோட்ல வச்சுக்கலாம்.