பாலைநில நீர்த்தேக்கங்களின் ஏற்றமும் இறக்கமும்

பாலிகஞ்சில் கூடியிருப்போர் அனைவரும் அறிந்த நீர்நிலை ரவீந்திர சரோவர். 1920-களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் சதுப்பு நிலத்தை அகழ்ந்து அமைத்த ஏரி அது. கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோடையில் தாழும் ஏரியை மழைக்காலம் பெரும்பாலும் மீண்டும் உயர்த்திவிடுகிறது. வறண்ட நிலத்து நீர்த்தேக்கத்திற்கு இத்தகைய ஒழுங்கு வாய்ப்பதில்லை. இதற்கு இராஜஸ்தானத்தின் ஜவாய் அணை சிறந்த சான்றாகும்.

தார்ப் பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில், பாலி மாவட்டத்தில், ஆரவல்லி மலையடிவாரத்தில் ஜவாய் அணை அமைந்துள்ளது. 1946-இல் தொடங்கிய இதன் பணி 1957-இல் நிறைவுற்றது. அம்மாவட்டத்தின் மழையளவு கொல்கத்தாவின் மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. அம்மழையும் ஆண்டில் சில நாட்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. முதல் மழையை வறண்ட மண்ணும் ஆற்று மணலும் உறிஞ்சிக்கொள்கின்றன. அதன்பின் மலைச்சரிவுகளில் கனமழை பெய்தால்தான் ஆற்றில் வெள்ளம் புரண்டு அணையை அடைகிறது. எனவே ஓராண்டின் நீர்வரத்து இரண்டொரு பெருமழைகளையே சார்ந்து நிற்கிறது.

வெள்ளம் வடிந்தபின் நீர்மட்டம் இறங்கத் தொடங்குகிறது. பாசனமும் குடிநீர்த் தேவையும் ஒருபுறம். ஆவியாதலும் கசிவும் மறுபுறம். அந்நிலத்தின் வெயிலில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஓர் ஆள் உயர நீர் ஆவியாகிவிடுகிறது. அணையின் முழு நீர்மட்டம் 61.25 அடி. ஆயினும் எல்லா அடிகளும் சம அளவு நீரைக் கொள்வதில்லை. நீர்த்தேக்கம் மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருப்பதால், பாதி உயரத்தில் பாதி நீர் இருப்பதில்லை. அதனினும் வெகு குறைவாகவே இருக்கும். அளவுகோலை மட்டும் நோக்கித் திட்டமிடுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

2022 ஏப்ரலில் ஜவாயின் நீர் மிகவும் தாழ்ந்தபோது, ஜோத்பூரிலிருந்து ரயில் மூலம் பாலி நகருக்குக் குடிநீர் கொண்டுசெல்ல நேர்ந்தது. பதினான்கே மாதங்களில், 2023 ஜூனில், பிபர்ஜாய் புயலின் மழையால் பாலி, ஜாலோர், சிரோகி மாவட்டங்களில் வெள்ளம் பெருகியது. சராசரி என்பது இத்தகைய நிலத்தில் எத்துணை நம்பத்தகாதது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

பிற நாடுகளின் அனுபவமும் இதுவே. எகிப்தின் நாசர் ஏரி எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழையையே பெரிதும் நம்பியுள்ளது. அமெரிக்காவின் மீட் ஏரிக்கு ராக்கி மலைகளின் பனியே ஆதாரம். மழை மிகுந்திருந்த ஆண்டுகளின் கணக்கைக் கொண்டு 1922-இல் கொலராடோ ஆற்றின் நீர் பங்கிடப்பட்டது. 2000-இல் ஏறக்குறைய நிரம்பியிருந்த மீட் ஏரி, நெடிய வறட்சியாலும் மிகுதியான பயன்பாட்டாலும் 2022-இல், 1930-களில் அது நிரம்பத் தொடங்கிய காலத்திற்குப் பின் காணாத அளவுக்குத் தாழ்ந்தது.

ஜவாயில் மழைக்காலம் முடிந்தபின் விவசாயிகளின் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் கூடி நீரைப் பங்கிடுகின்றனர். அப்போது பாசனத்தின் பங்கைக் குறைப்பது எளிதன்று. ஒரு போக விளைச்சலே அதில் அடங்கியிருக்கிறது. எனினும், அடுத்த பருவமழை பொய்த்தாலும் குடிநீர் தட்டாதிருக்கும் அளவை முதலில் ஒதுக்கி, ஆவியாகும் அளவையும் கழித்து, எஞ்சியதையே வயல்களுக்குப் பங்கிடுதல் வேண்டும். நீர் நிறைந்த ஆண்டில் இக்கட்டுப்பாட்டைக் கைக்கொள்வதே வறண்ட ஆண்டில் மக்களைக் காக்கும்.